வேதப்புரட்டன் யார்? மழைநாள் கேள்வி பதில்

பண்டாரவளையில் இரண்டு நாளாக மழை விடவில்லை. மின்சாரம் இருக்கும்வரை பதில் எழுதுகிறேன். பாடசாலையில் சமயமும் வரலாறும் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். குருக்களும் அல்ல, குருவானவரும் அல்ல. ஆங்கிலத்தில் 'ஹெரெசி' என்கிறார்களே, ஒரு மதத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் கொள்கையைத் திரித்து நம்புவது, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. தொடங்கும் முன்பே ஒன்று: பக்கத்து லயத்துக்காரர் வேறு மதம், அவர் ஹெரெட்டிக்கா, அதாவது திரிபுக்காரரா என்று யாரும் கேட்க வேண்டாம். வெளியாள் வெளியாள்தான். திரிபு வீட்டுக்குள்ளேதான் பிறக்கும்.

*ஹட்டன், உயர்தர மாணவி: சேர், ஹெரெசிக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? பாடப் புத்தகத்தில் 'மதவிரோதம்' என்றிருக்கிறது. எங்கள் சபையில் 'வேதப்புரட்டு' என்கிறார்கள்.*

நல்ல கேள்வி பிள்ளை. 'மதவிரோதம்' எனக்குப் பிடிக்காது. மதத்தின்மேல் பற்று இருப்பதால்தான் ஒருவன் திரிபுக்காரன் ஆகிறான். விரோதி ஏன் அத்தனை வருத்தப்படப் போகிறான்?

மூலச் சொல் கிரேக்கம்: ஹைரெசிஸ். தெரிந்தெடுத்தல் என்று பொருள். பிறகு, ஒருவர் தெரிந்தெடுத்துச் சேர்ந்த கூட்டத்துக்கும் அதே பெயர். அதில் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். அப்போஸ்தலர் 5:17இல் சதுசேயர் 'சமயத்தினர்' என்று வரும். 24:14இல் பவுல் தன் மார்க்கத்தை மற்றவர்கள் 'மதபேதம்' என்று சொல்வதாகக் கூறுகிறார். தீத்து 3:10க்கு வந்தால் 'வேதப்புரட்டன்'. இரண்டொரு தரம் புத்தி சொல்லிப் பார்த்து, பிறகு அவனை விட்டு விலகு என்கிறது. சமயம், பேதம், புரட்டு: தமிழில் மூன்று சொல், கிரேக்கத்தில் மூன்றுக்கும் வேர் ஒன்றே. அந்த வேர் நூறு வருடத்துக்குள் எப்படிக் கசந்தது என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தங்களை அறியாமலே காட்டிவிட்டார்கள். கத்தோலிக்கர் 'தப்பறை' என்பார்கள், அந்தக் கொள்கைக்காரரைப் 'பதிதர்' என்பார்கள். வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து எழுதிய நூலின் பெயர் 'பேதகம் மறுத்தல்'.

இதே கதை நம் பக்கத்திலும் நடந்தது. அசோகனுடைய பன்னிரண்டாம் பாறைச் சாசனம் எல்லாப் 'பாசண்ட'ங்களையும் மதிப்பதாகச் சொல்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குச் சமயக் கூட்டம் என்பதே பொருள். மனுநூலுக்கு வரும்போது 'பாஷண்டி' என்றால் மரியாதை கொடுக்கக் கூடாத ஆள். சிலப்பதிகாரத்திலோ பாசண்டச் சாத்தன் என்று ஒரு தெய்வமே கோயில் கொண்டிருக்கிறது. ஒரு சொல் எத்தனை பேர் வாயில் புகுந்து வந்திருக்கிறது பாருங்கள்.

பரீட்சையில் 'சமயத் திரிபு' என்று எழுதுங்கள். புள்ளி குறையாது.

*நாவலப்பிட்டி: கலிலியோவை உயிரோடு எரித்தார்கள் அல்லவா?*

இல்லை. 1633இல் 'திரிபு உடையவர் என்று பலத்த சந்தேகம்' என்று தீர்ப்பளித்தார்கள். மண்டியிட்டு மறுத்துச் சொன்னார். வீட்டுக் காவலில் இருந்து 1642இல் இறந்தார். ரோமில் எரிக்கப்பட்டவர் ஜோர்தானோ புரூனோ, 1600இல்.

*கம்பளை: பௌத்தத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்கிறான் என் நண்பன். உண்மையா?*

நண்பரிடம் 'மித்தியா திருஷ்டி' என்றால் என்னவென்று கேளுங்கள். பிழையான பார்வை. பிரம்மஜால சூத்திரம் அறுபத்திரண்டு பார்வைகளை எண்ணி வைத்திருக்கிறது.

இலங்கை வரலாற்றையே எடுங்களேன். அநுராதபுரத்தின் பெரிய பௌத்த மடங்களில் மகாவிகாரை ஒரு கட்சி, அபயகிரி மறு கட்சி. அபயகிரிக்காரர் மகாயானச் சாயலுள்ள வைதுல்யக் கொள்கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கோட்டாபய மன்னன் (பழையவன்!) அறுபது பிக்குகளை நாடு கடத்தினான். பிறகு சோழ நாட்டிலிருந்து சங்கமித்திரர் என்றொரு பிக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டு மகாசேன மன்னன், மகாவிகாரைப் பிக்குகளுக்கு யாரும் உணவு கொடுக்கக் கூடாது என்று கட்டளை போட்டான். அவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? உருகுணைக்கும் மலய தேசத்துக்கும், அதாவது நம் மலைகளுக்கு. ஒன்பது வருடம் மகாவிகாரை ஆளில்லாமல் கிடந்ததாக மகாவம்சம் சொல்கிறது. இன்றைக்கு எதைத் தேரவாதத்தின் நேர்வழி என்கிறோமோ, அது ஒரு காலத்தில் விரட்டப்பட்டு மலையேறி ஒளிந்திருந்தது. முதலாம் பராக்கிரமபாகு 1165இல் சங்கத்தை ஒன்றாக்கியபோது மகாவிகாரை வென்றது. மகாவம்சமும் அந்தக் கட்சிக்காரர் எழுதியதுதான். அபயகிரியார் எழுதிய ஏடு நம் கைக்கு வந்திருந்தால் யார் திரிபு?

1871இல் உங்கள் கம்பளையிலேயே பௌத்தரும் கிறிஸ்தவரும் மேடை போட்டு வாதிட்டார்கள். பாணந்துறை வாதத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. ஆனால் அது இரண்டு வீட்டுக்காரர் சண்டை, திரிபுக் கணக்கில் வராது. தொடக்கத்தில் சொன்னேனே.

*மாத்தளை, கத்தோலிக்கர்: நம் நாட்டில் யாரையாவது தப்பறைக்காரர் என்று திருச்சபை விலக்கியிருக்கிறதா?*

இருக்கிறது, நம் காலத்திலேயே. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார். மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் ஒரு நூல் எழுதினார். ஜென்மப் பாவம் முதலான கோட்பாடுகளில் பிழை என்று உரோமை சொன்னது. ஒரு விசுவாச அறிக்கையைக் கொடுத்துக் கையொப்பம் கேட்டார்கள். அவர் அதை விட்டுவிட்டு, ஆறாம் பவுல் பாப்பரசரின் அறிக்கையில் தன் குறிப்பையும் சேர்த்துக் கையொப்பமிட்டார். 1997 ஜனவரியில் விலக்கினார்கள்; 1998 ஜனவரியில் ஒப்புரவாகி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். 2013இல் காலமானார்.

திருச்சபைச் சட்டம் இதில் நுணுக்கமானது. திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும், விசுவசிக்க வேண்டிய ஓர் உண்மையைப் பிடிவாதமாக மறுக்க வேண்டும்; அப்போதுதான் தப்பறை. தெரியாமல் பிழையாகச் சொன்னவர் தப்பறைக்காரர் அல்லர். இல்லாவிட்டால் என் மறைக்கல்வி வகுப்பில் பாதிப் பேரை விலக்கியிருக்க வேண்டும்.

இன்னொரு சுவாரசியம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது அடைக்கலம் கொடுத்தது பௌத்த மன்னர் ஆண்ட கண்டி. புனித யோசேப் வாஸ் 1692இல் அங்கே வந்ததும் போர்த்துக்கீச உளவாளி என்று சிறையில் போட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் அரசவையில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கல்வினியர் (புரட்டஸ்தாந்துக்காரர்). ஐரோப்பாவில் அவருடைய கூட்டத்தையே பதிதர் என்று துரத்திக்கொண்டிருந்த காலம் அது! மன்னருக்கு இரண்டு பேரும் வெளியாட்கள்தாம். அதனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

*தலவாக்கலை, இளைஞர்: வார்ஹாமர் விளையாட்டில் எதற்கெடுத்தாலும் 'ஹெரெசி' என்று கத்துகிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?*

என் பேரன் காட்டினான். அதில் ஹோரஸ் என்பவன் பேரரசனுக்கு எதிராகக் கலகம் செய்கிறான். கலகத்துக்கே ஹெரெசி என்று பெயர். கேலிக்காகச் செய்தார்களோ என்னவோ, வரலாற்றின் நரம்பைத் தொட்டுவிட்டார்கள். 380இல் தியோடோசியஸ் பேரரசன் ஒரே விசுவாசத்தைச் சட்டமாக்கி, மற்றவர்களுக்குத் திரிபுக்காரர் என்று பெயர் வைத்தான். ஐந்தே வருடத்தில், 385 வாக்கில், பிரிசிலியன் என்ற ஆயரின் தலை திரியர் நகரில் போனது. குற்றப் பத்திரிகையில் எழுதியது சூனியம், காரணம் கொள்கை. தூர் நகரத்து மார்ட்டின் இதைத் தடுக்கப் போராடினார். அவரும் ஆயர்தான், அந்தக் கொள்கையை ஏற்றவரும் அல்லர். அரசன் வாளைக் கொடுக்காதவரை திரிபு வெறும் வாய்ச்சண்டை.

*வெலிமடை: கலிலியோவை எந்த ஆண்டு எரித்தார்கள்?*

மேலே பாருங்கள்.

*பதுளை: 2006இல் டா வின்சி கோட் படத்தை இங்கே தடை செய்தார்களே, ஒரு சிங்கள எழுத்தாளரைச் சிறுகதைக்காகக் கைது செய்தார்களே, அவையும் ஹெரெசி தண்டனைதானே?*

கிடையாது. அங்கே பேச்சு நிந்தனை பற்றியது. திரிபு என்றால் 'நம்மவன் பிழையாக நம்புகிறான்' என்பது. நிந்தனை என்றால் 'எவனோ நம்மைப் புண்படுத்திவிட்டான்' என்பது. சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரலில் கைது செய்து நான்கு மாதம் விளக்கமறியலில் வைத்தார்கள். பாவித்த சட்டம் குடியியல் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கைச் சட்டம், 2007இன் 56ஆம் இலக்கம். உரிமையைக் காக்க வந்த சட்டத்தால் எழுத்தாளனை உள்ளே போட்டது தனிக் கொடுமை. ஆனால் நீ எதை நம்புகிறாய் என்று அவரிடம் எந்த நீதவானும் கேட்கவில்லை. திரிபு வழக்கில் கேட்பதே அந்த ஒன்றைத்தான்.

*நுவரெலியா: ஐயா, சைவத்தில் திரிபு என்ற எண்ணமே இல்லை, அது மேற்கத்தியச் சரக்கு. இருந்தாலும் தோட்டங்களில் தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலை) பெரிய சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துச் சேவல் வெட்டுவது சைவத் திரிபு. ஆகமப்படி கோயில் கட்டிய பிறகும் ஏன் இது?*

உங்கள் முதல் வாக்கியத்தை இரண்டாவது வாக்கியம் கடித்துத் தின்றுவிட்டது. கவனித்தீர்களா?

சைவத்தில் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதர், பௌத்தர், சமணர் என்று பெரும்பாலும் வெளியாரை மறுக்கிறது. உமாபதி சிவாசாரியார் 1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணமோ பெரிதும் உள்ளாரை மறுக்கிறது: முத்தியில் உயிர் கல்லைப் போலக் கிடக்கும் என்னும் பாடாணவாதி, சிவனுக்குச் சமமாகும் என்னும் சிவசமவாதி, இப்படி. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நம் ஆட்கள் வீட்டு வாசலிலிருந்து சாமியறை வரை கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அருட்பா மருட்பாச் சண்டையை மறந்தீர்களா? 1867இல் இராமலிங்கர் பாடல்கள் 'திருவருட்பா' என்று அச்சேறின. திருமுறைக்கு உரிய பெயரை இதற்கு எப்படி வைக்கலாம் என்று நம் ஆறுமுக நாவலர் கொதித்தார். வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. திரிபுச் சண்டை என்றால் அதுதான்.

ரோதைமுனியை அதற்குள் இழுக்காதீர்கள். அவரைக் கும்பிடுகிறவர் எந்தச் சித்தாந்தத்தையும் மறுக்கவில்லை.

*டிக்கோயா: நன்றாகச் சொன்னீர்கள் சேர். எங்கள் தாத்தா ஸ்டோரில் ரோதைக்குப் பக்கத்தில் வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை பூசை போடாமல் மெசின் ஓடாது. நுவரெலியா அண்ணன் ரோதையில் கை விட்டுப் பார்த்திருக்கிறாரா?*

*நுவரெலியா: பயத்துக்கும் சமயத்துக்கும் வித்தியாசம் இல்லையா தம்பி? இதனால்தான் மற்றவர்கள் நம்மைத் தோட்டக்காட்டான் என்கிறார்கள்.*

*மஸ்கெலியா, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை: மற்றவர்கள் சொல்வதற்காகச் சாமியை மாற்றுவதா? கல்லும் சூலமுமாக மரத்தடியில் இருந்தவரை முனி எல்லோருக்கும் சாமி. மதில் கட்டியதும் பூசாரி வெளியே போனார், குருக்கள் உள்ளே வந்தார், சேவல் பின்பக்கம் போனது.*

மஸ்கெலியா ஐயா சரியான இடத்தில் கை வைத்தார். ரோதை என்ற சொல்லே போர்த்துக்கீசம் தந்தது, சக்கரம். இந்தியாவிலிருந்து முனியைக் கூட்டி வந்தவர்கள் தேயிலை ஸ்டோரில் ஆளை இழுத்துப் பிசையும் பெரிய இரும்புச் சக்கரத்தைப் பார்த்தார்கள். அதற்கும் ஒரு முனி வேண்டியிருந்தது, வைத்தார்கள். ஆகமத்தில் இடமில்லை என்றால், ஆகமம் எழுதியவர் ஸ்டோரைப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். நுவரெலியாக்காரர் கூச்சத்தைக் கொள்கை என்று நினைத்துக்கொள்கிறார். சேவலுக்காகப் பேசினால் நான் அவர் பக்கம், நான் மரக்கறிக்காரன். ஆனால் திரிபு என்ற பெரிய கத்தியை அதற்கு எடுக்கக் கூடாது.

*நுவரெலியா: பெரிய கத்தி என்கிறீர்கள். மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியது எந்தக் கத்தி?*

பெரியபுராணம் அந்த எண்ணைச் சொல்கிறது. நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் நடந்ததைவிட, அதைப் பெருமையாகப் பாடினோம் என்பது எனக்குச் சுடுகிறது. உங்கள் அடி சரியாக விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். (சமணர் வெளியாட்கள் என்று தப்பிக்கலாம். தப்பிக்க மனமில்லை.)

*டிக்கோயா: அப்படியானால் காமன் கூத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவது?*

அடடா, அதை நானே சொல்லியிருக்க வேண்டும்! சிவன் கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சி, விடிய விடியப் பாட்டு. தோற்றவரை யாரும் விலக்குவதில்லை; அடுத்த வருடம் கட்சி மாறியும் பாடலாம்.

*அக்குறணை: மன்சூர் ஹல்லாஜைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் காஃபிரா (இறைமறுப்பாளரா), வலியுல்லாவா (இறைநேசரா)?*

அவர் ஒரு சூஃபி ஞானி, பக்தாதில் 922இல் கொல்லப்பட்டார். 'நானே மெய்ப்பொருள்' என்று சொன்னதற்காக என்பது மக்கள் நினைவு. வழக்கிலோ ஹஜ்ஜைப் பற்றி அவர் எழுதியதும் அரண்மனை அரசியலும் பெரிய பங்கு வகித்தன. பிற்காலத்தில் பாரசீகக் கவிஞர் அத்தார் அவரை இறைநேசர்களின் வரிசையில் வைத்து எழுதினார். தீர்ப்பு வேண்டுமென்றால் மௌலவியிடம் கேளுங்கள், நான் அதற்கு ஆளில்லை.

*கொட்டகலை: எந்த மதம்தான் சரி?*

அடுத்தவர்.

*ராகலை: கலிலியோ எரிக்கப்பட்டபோது பூமி சுற்றுகிறது என்று கத்தினாராமே?*

எரிக்கப்படவில்லை. எரிக்கப்படவில்லை. எரிக்கப்படவில்லை. நீங்கள் எல்லோரும் ஒரே காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

*மஸ்கெலியா, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை: சேர், எங்கள் ஸ்டோரை மூடி ரோதையைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். முனி கல் அங்கேயே இருக்கிறது. பூசையைத் தொடர்வதா, நிறுத்துவதா?*

இதுவரை வந்த கேள்விகளில் இதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை ஐயா. டிக்கோயாத் தம்பி, உங்கள் பக்கத்தில் மூடிய ஸ்டோர்களில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். இங்கே மின்சாரம் போகப் போகிறது.