வட்ட முகம், மெலிந்த முடி, தினமும் பின்னல்: எந்த வெட்டு பொருந்தும்?

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளி ஆசிரியை. வட்ட முகம், லேசான அலைமுடி. இடுப்பைத் தொட்ட கூந்தல், இரண்டாவது குழந்தை பிறந்த நான்காம் மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டிப் பாதியாகிவிட்டது. இப்போது குழந்தைக்கு ஒன்பது மாதம். தோள் அளவுக்கு வெட்டிக்கொள்ள ஆசை. வட்ட முகத்துக்குக் குட்டை முடி எடுப்பாக இருக்காது என்கிறார்கள் தோழிகள். பள்ளிக்குப் பின்னிக்கொண்டுதான் போகவேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தோளோடு நிறுத்தாதீர்கள். கழுத்தடியில் குறுக்காக ஓடும் காரை எலும்புக்குக் கீழே நான்கு விரல் விட்டு நிறுத்துங்கள்.

உங்கள் தோழிகள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முடியின் நுனி எந்த உயரத்தில் நிற்கிறதோ, பார்ப்பவரின் கண்ணும் அங்கேயே நிற்கும். அந்த இடம் அகலமாகத் தெரியும். வட்ட முகத்தில் கன்னமும் தாடையும் ஏற்கெனவே நிறைவாக இருப்பவை. அங்கே போய் முடி நேர்கோடாக முடிந்தால் முகம் இன்னும் உருண்டையாகத் தோன்றும். தாடை அளவு பாப் கட் பலருக்கு ஏமாற்றமாக முடிவது இதனால்தான். அதே முடி கழுத்தைத் தாண்டி இறங்கினால் கண்ணும் கூடவே இறங்குகிறது, முகம் நீளமாகத் தெரிகிறது. ஆக, எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் முகம் உண்மையிலேயே வட்டமா? என்னிடம் வந்து “எனக்கு வட்ட முகம்” என்று சொல்லும் பெண்களில் பலருக்கு இருப்பது கன்னம் நிறைந்த முட்டை வடிவ முகம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நேராக நின்று, முடி முழுவதையும் பின்னால் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், சோப்புத் துண்டால் கண்ணாடியிலேயே முகத்தின் ஓரத்தை வரையுங்கள். பிறகு விலகி நின்று பாருங்கள். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையான உயரமும், கன்ன எலும்புகளுக்கு இடையிலான அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, தாடை வளைவாக இறங்கினால் வட்டம். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தும் தாடை மூலைகள் கூராகத் தெரிந்தால் சதுரம். உயரம் தெளிவாகக் கூடுதல் என்றால் முட்டை வடிவம் அல்லது நீள முகம். நெற்றி அகன்று மோவாய் குறுகினால் இதய வடிவம்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலேயே யாருக்காவது உதவும். நீள முகத்துக்கு நெற்றியை மறைக்கும் முன்முடியும் காதோரத்தில் சற்று அகலமும் நல்லது. சதுர முகத்துக்குத் தாடை மூலையில் முடி முடியக் கூடாது. அதைத் தாண்டி அலையாக இறங்க வேண்டும். இதய வடிவத்துக்குத் தாடை அளவு பாப் அழகாக அமையும், மோவாய் அருகே இல்லாத அகலத்தை அது கொடுக்கிறது. முட்டை வடிவமாக இருந்தால் முகத்தை மறந்துவிட்டு முடியின் தன்மையை மட்டும் பார்த்தால் போதும்.

முடியின் தன்மையைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஈரமாக இருக்கும்போது முடி நீண்டுகொடுக்கும், காய்ந்ததும் சுருங்கும். நேர்முடியில் இது பெரிதாகத் தெரியாது. அலைமுடியிலும் சுருள்முடியிலும் நன்றாகவே தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் சுருள்முடிக் கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஈரத்திலேயே தாடை அளவுக்கு வெட்டினேன். காயவைத்தபோது நுனி காது மடலுக்கு ஏறிவிட்டது. அவள் பேசவில்லை, இரண்டு கையாலும் பின்கழுத்தை மூடிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அலை, சுருள் முடிகளுக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, காயவைத்து, பிறகே அளவை முடிவு செய்கிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஐந்து சென்டிமீட்டர் தவறினால் நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டும்.

முடி கொட்டியதைப் பற்றி. பிரசவத்துக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் முடி அதிகமாகக் கொட்டுவது வழக்கமானதே. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடி சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலோருக்குக் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பழைய நிலை திரும்பிவிடும். இப்போது உங்கள் நெற்றியோரத்தில் குட்டை முடிகள் சிலிர்த்து நிற்கின்றனவா? அவை புதிதாக முளைப்பவை, நல்ல அறிகுறி. அவற்றை மறைக்க அடர்த்தியான முன்முடி வெட்டிக்கொள்ள வேண்டாம். இருக்கிற முடியையும் முன்னால் கொண்டுவந்தால் பின்னல் மேலும் மெலியும். நேராக வெட்டிய முன்முடி வட்ட முகத்தின் உயரத்தையும் குறைத்துக் காட்டும். ஓராண்டுக்குப் பிறகும் கொட்டுவது நிற்காவிட்டாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்வார்.

முடி மெலிந்திருக்கும்போது ஸ்டெப் கட் வேண்டாம். பல படிகளாக வெட்டினால் அடர்த்தியாகத் தெரியும் என்று சொல்வார்கள். அடர்ந்த முடிக்கு அது சரி. மெலிந்த முடியில் மேலே சேரும் அடர்த்தி நுனியில் குறைந்து, கீழ்ப்பகுதி எலிவால் போலாகிவிடும். பல் வைத்த கத்தரிக்கோலால் முடியைக் கழிக்கவும் விடாதீர்கள்.

உங்களுக்கு நான் வெட்டுவதாக இருந்தால் பின்புறம் ஆழமில்லாத யூ கட், அதாவது நுனி ‘U’ எழுத்துப் போல வளைந்து முடியும் வெட்டு, வைப்பேன். முன்னால் இரு பக்கமும் மோவாய்க்கு இரண்டு விரல் கீழே தொடங்கிச் சரிவாக இறங்கும் ஒரே ஒரு படி. அந்தச் சரிவு கன்னத்தின் ஓரத்தை மெல்ல மறைத்து முகத்தை நீட்டிக் காட்டும். நடு வகிட்டை விட்டு, புருவத்தின் உச்சிக்கு நேராக வகிடு எடுங்கள். வேர்ப்பகுதி சற்று எழும்பும், மெலிந்த வகிடும் கண்ணில் படாது.

தோளோடு நிறுத்த வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். தோளில் இடிக்கும் முடி வெளிப்பக்கமாக மடிந்து நிற்கும். அலைமுடியில் கேட்கவே வேண்டாம். இரண்டாவது உங்கள் பின்னல். தோள் அளவு முடியில் இரண்டு, மூன்று கண்ணி போடுவதற்குள் நுனி கையை விட்டு நழுவிவிடும். காரை எலும்புக்குக் கீழே நான்கு விரல் இருந்தால் குட்டையாக ஒரு பின்னல் கட்டுக்கோப்பாக நிற்கும், பூ வைக்கவும் இடம் இருக்கும்.

வெட்டப் போகும் நாளில் எண்ணெய் தடவாமல், முந்தைய நாள் அலசிய முடியை விரித்தபடி போங்கள். எண்ணெய் முடியைப் படியவைத்து அலையை மறைத்துவிடும். வெட்டுபவருக்கு உண்மையான சுருக்கம் தெரியாது. கைப்பேசியில் படம் காட்டினால் உங்களைப் போன்ற அலைமுடிக்காரரின் படமாகப் பார்த்து எடுங்கள். “கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்று பொதுவாகச் சொல்லாமல், உடம்பில் விரல் வைத்து “இங்கே நிற்க வேண்டும், காய்ந்த பிறகு” என்று காட்டுங்கள். வெட்டி முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். அங்கேயே பள்ளிக்குப் போடுவது போல ஒரு பின்னல் போட்டுப் பாருங்கள். முன்படி முடி பின்னலில் சிக்காமல் முகத்தில் விழுந்தால், காதுக்குப் பின்னே ஒதுக்கி நிற்கிறதா என்று பாருங்கள். பின்னலிலிருந்து நுனி எங்காவது குத்திட்டு நின்றால், அதை அப்போதே சீர்செய்யச் சொல்லுங்கள்.