ராஜஸ்தான் குளிரும் காலி ரோட்டும்

கேள்வி: ஜனவரியில ராஜஸ்தான் ஜெய்சல்மேர் பக்கம் 200 கிலோமீட்டர் பிரவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட ஆசை, ஆனா கொழும்புலதான் பழகுறன். குளிர் தாங்குமா அண்ணா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாங்கும் தம்பி, ஆனா உடுப்பில கவனம். பாலைவனம் என்டா வெயில்தான் என்டு நினைக்காதீங்க, அங்க ஈரமும் இல்ல மேகமும் இல்ல, அதால மணல் பொழுதுபட்டதும் சட்டெண்டு ஆறிடும், ஜனவரி ராவில 10 பாகைக்குக் கீழ கூட போகும், விடியலும் 7 மணி தாண்டித்தான். கையுறை, காத்துத் தடுக்கிற மெல்லிசு ஜாக்கெட், லைட், ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் எல்லாம் வேணும். மத்தியானம் சூடாகும், ஒவ்வொண்டா கழட்டி வைக்கலாம்.

பெரிய பிரச்சினை தண்ணிதான். இங்க வேர்வை ஊத்தும், அங்க வர்ற வேர்வை உடனே காஞ்சிடும், எவ்வளவு தண்ணி போகுதெண்டே தெரியாது, அதால தாகம் வரும்வரை பாத்திராம குடிச்சுக்கொண்டே போகணும், உப்பும் சேர்த்து.

டைம் 13 மணி 30 நிமிஷம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதுக்குள்ளதான். சீமைக் கருவேல முள்ளு டயரை விடாது, டியூப் ரெண்டு கொண்டு போங்க.

பழக கொழும்பிலிருந்து காலி நகரத்துக்குப் போற காலி ரோட்டே போதும், காலி வரைக்கும் போய்த் திரும்பினா 200 தாண்டும். பஸ்காரர்தான் பாலைவனத்தை விட பயம்!