வாட்ஸ்அப்பை விட மறுக்கும் ஊழியர்களைப் புதிய அலுவலகச் செய்தித் தளத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

120 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் புதிய செய்தித் தளம் வாங்கி மூன்று மாதமாகியும் எல்லாரும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறார்கள், அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'வழிக்குக் கொண்டுவருவது' என்ற சொற்களைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை. 2021-இல் நிர்வாகத்துக்கு எழுதிய மின்னஞ்சலில் நானும் இதே சொற்களைத்தான் எழுதியிருந்தேன், அது எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். 2020 இறுதியில் எங்களிடம் 43 வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. ஒரே பையரின், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தின், இரண்டு ஆர்டர்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டுக்கும் லேப் டிப், அதாவது நிறம் பார்ப்பதற்காகச் சாயமேற்றும் சிறு துணி மாதிரிகள், ஏ, பி, சி என்று அனுப்பப்பட்டிருந்தன. ஒரு மாலை பையரின் ஒப்புதல் வந்ததும் எங்கள் மெர்ச்சண்டைசர், அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர், குழுவில் 'சி ஓகே' என்று மட்டும் போட்டார். அதற்கு முன்பு வந்திருந்த படம் மற்ற ஆர்டருடையது. சாயப்பட்டறையில் அந்த ஆர்டரின் நிறத்தில் 400 கிலோ துணியை ஏற்றிவிட்டார்கள். அடர் நிறம் ஏறிய துணியை வெளிர் நிறத்துக்குத் திருப்புவது எளிதல்ல என்பதால், புதிதாக நூல் வாங்கித் துணி ஓட்டி, கப்பலில் போக வேண்டிய சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். பழி முழுவதையும் அந்த மெர்ச்சண்டைசர் சுமந்தார். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனபோது, அவர் பார்த்துவந்த பையர்களோடு நடந்த தனிப்பேச்சுகள் அத்தனையும் அவருடைய கைபேசியோடு போய்விட்டன. அவர் இடத்துக்கு வந்தவரைக் குழுக்களில் சேர்த்தோம். சேர்ந்த நாளுக்கு முந்தைய செய்தி ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

இதைக் காரணம் காட்டித்தான் 2021-இல் ஒரு கட்டணத் தளத்துக்கு அனுமதி வாங்கினேன். எந்தத் தளம் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் அதில் குறை எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பதால் அலுவலகத்தில் இருந்த 50 பேருக்கு மட்டும் கணக்குத் திறந்தோம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மேற்பார்வையாளர்களுக்கும் சாயப்பட்டறைக்கும் திறக்கவில்லை. நான்கே வாரங்களில் அலுவலக ஆட்களும் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுடைய வேலையில் பாதி நாங்கள் கணக்குத் திறக்காத அந்த ஆட்களோடுதான் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் போட யாருக்கும் நேரமில்லை. ஊழியர்களின் பிடிவாதம் என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரிக்காக இன்றும் வருந்துகிறேன்.

என் கண்ணைத் திறந்தவர் செக்கிங் பிரிவில் இருபது ஆண்டுகளாக மேற்பார்வை பார்க்கும் ஓர் அக்கா. புதிய செயலியை ஏன் யாரும் கேட்பதுகூட இல்லை என்று அவரிடம் கேட்டபோது, "தம்பி, எனக்கு எழுத வராதுங்க. வாட்ஸ்அப்புல பட்டனை அழுத்திப் பேசுனா போயிடுது. உங்களதுல எங்க பேசறது?" என்றார். அதிலும் குரல் பதிவு இருந்தது, இரண்டு மெனுவுக்கு உள்ளே. பயிற்சி வகுப்பில் அலுவலக ஆட்களுக்குச் சேனல் (ஒரு விஷயத்துக்கென்று தனிக் குழு), த்ரெட் (ஒரு செய்திக்குக் கீழே தொடரும் பதில்கள்) என்று ஒரு மணி நேரம் விளக்கிய நான், அந்தப் பட்டனை ஒருவருக்கும் காட்டவில்லை. இன்னொன்றும் சொன்னார்: இரவு பதினொரு மணிக்குக் குழுவில் கேள்வி வந்தால், பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்துவிடும் என்று பயந்து செய்தியைத் திறக்காமலே படுத்துவிடுவாராம். அலுவலகச் செய்தியும் மகளின் பள்ளிச் செய்தியும் ஒரே திரையில் வரும்போது வேலை முடிந்த நேரம் என்று ஒன்று அவருக்கு இல்லாமலே போயிருந்தது.

2023 தொடக்கத்தில் இரண்டாம் முறை முயன்றபோது நான் முதலில் போய் நின்றது எங்கள் எம்.டி. முன்னால். ஊழியர்களை மாற்றும் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் வாட்ஸ்அப்பில் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை, ஒப்புதலுக்காகக் காத்திருப்பவர்களும் அங்கேதான் நிற்பார்கள். அவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு ஆர்டர் எண்ணுக்கும் ஒரு சேனல், அந்தச் சேனலில் வராத ஒப்புதல் செல்லாது என்று முடிவானது. சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டருக்கு வெளியாட்களுக்கான விருந்தினர் கணக்குக் கொடுத்து, ஆர்டர் எண்ணோடு சேனலில் செய்தி வராமல் மெஷினில் துணி ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். முதல் வாரத்திலேயே எம்.டி. பழக்கத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒப்புதலை டையிங் மாஸ்டர் ஏற்க மறுத்துத் தொலைபேசியில் அழைத்தார். எம்.டி. உடனே சேனலில் அதைப் பதிவு செய்தார். அந்தச் செய்தி நிறுவனம் முழுக்கப் பரவியதும் செய்த வேலையை என் பயிற்சி வகுப்புகள் எதுவும் செய்யவில்லை. மேற்பார்வையாளர்கள் எல்லாருக்கும் கணக்குக் கொடுத்தோம், இரவு எட்டு மணிக்கு மேல் அறிவிப்பு ஒலிக்காதபடி அமைத்தோம்.

இலவசத் திட்டமே போதுமே என்று உங்கள் நிர்வாகமும் கேட்கும், எங்களுடையதும் கேட்டது. ஸ்லாக் என்ற அலுவலகச் செய்தித் தளத்தின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் லேப் டிப் ஒப்புதலுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்த பின் பையர் கிளெய்ம், அதாவது இழப்பீடு, கேட்பதற்கும் இடையே நான்கைந்து மாதங்கள் ஆகிவிடும். ஆதாரம் தேவைப்படும் நாளில் அது மறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்தக் கேள்வி நின்றது. ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. ஒரு கணக்குக்கான மாதக் கட்டணத்தை மூன்று கூட்டங்களில் அலசியவர்கள், தவறான நிறத்துக்காக விமானத்துக்குக் கொடுத்த தொகையை ஒரே கையெழுத்தில் கடந்துபோனார்கள்.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் உள்ள கடைக்கு அதுவே போதும், மாறச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனத்தின் தளம் என்றால் நிலையாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. அட்லாசியனின் ஹிப்சாட் 2019 பிப்ரவரியில் மூடப்பட்டது, மைக்ரோசாஃப்டின் ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைன் 2021 ஜூலையோடு நின்றது. ஆகவே செய்திகளை வெளியே எடுக்க எந்தத் திட்டத்தில் அனுமதி உண்டு, எந்த வடிவில் கிடைக்கும், இணைத்த கோப்புகளும் சேர்ந்து வருமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்லாக் தரும் ஏற்றுமதியில் கோப்புகளுக்கான இணைப்புகள்தான் இருக்கும், கோப்புகளைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய வாட்ஸ்அப் செய்திகளை முழுக்கக் கொண்டுவர முயன்று நாளைக் கழிக்காதீர்கள். படங்களோடு ஏற்றுமதி செய்தால் ஒரு குழுவிலிருந்து கடைசி 10,000 செய்திகள் வரைதான் கிடைக்கும், அதுவும் செய்திகள் வெறும் உரைக் கோப்பாக, படங்கள் தனித்தனிக் கோப்புகளாக. நாங்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்த 12 ஆர்டர்களின் ஒப்புதல்களை மட்டும் எடுத்து அந்தந்தச் சேனலில் ஏற்றினோம், மற்றவற்றைச் சர்வரில் ஒரு கோப்புறையில் போட்டுவைத்தோம். இரண்டு முறைதான் அதைத் திறக்க வேண்டியிருந்தது.