ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்களில் டீம்மேட்டைச் சுட்டால் பேன் (விளையாடத் தடை) போடுவது நியாயமா? எப்படிப்பட்ட தண்டனை சரியாக இருக்கும்?

பேன் என்பது கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால், டீம்மேட் மேல் படும் குண்டின் டேமேஜ் சுட்டவனுக்கே திரும்பட்டும். இன்னொன்று: செத்தவனுக்கு மன்னிக்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவன் சொன்னான் என்பதற்காக மட்டும் பேன், பாயின்ட் வெட்டு என்று போகக் கூடாது. இதைச் சொன்னால் என் கூட விளையாடுபவர்களே சண்டைக்கு வருவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2005-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2 கேமில் சொந்த டீம் ஆள் கையால் செத்தால் திரையில் கேள்வி வரும்: தண்டிக்கவா, மன்னிக்கவா? ஐடியா நல்ல ஐடியாதான். ஆனால் செத்த கடுப்பில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் வேறு என்ன சொல்வான்? ஸ்னைப்பர் ஏணிக்குப் பக்கத்தில் கிளேமோர் (கிட்டே வந்தால் வெடிக்கும் கண்ணிவெடி) வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் டீம் ஆளே கண்ணைத் திறந்து பார்க்காமல் ஓடிவந்து அதில் சிக்குவார். விழுந்தவுடன் முதல் காரியமாகத் தண்டனைப் பட்டன். இதற்கு ஸ்னைப்பர் என்ன பாவம் செய்தார்?

இதையே ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற கேம் 2019-ல் வேறு மாதிரி யோசித்தது. டீம் கில் நடந்ததும், வேண்டுமென்றே செய்தானா என்று செத்தவரிடம் கேட்கும். ஆமாம் என்றால், அதன்பின் சுட்டவன் மறுபடி டீம்மேட்டைச் சுட்டால் அடி அவனுக்கே விழும். எதிரியைச் சுடுவதில் எந்தத் தடையும் இல்லை. இங்கேயும் ஒருவன் பொய் சொல்லலாம், ஆனால் சொன்னாலும் சுட்டவனுக்குப் பெரிய நஷ்டம் கிடையாது, ஆட்டத்தைத் தொடரலாம். நிஜமாகவே வம்புக்கு வந்தவனுக்கோ கை கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இன்னும் வரவில்லை.

அடுத்து, அபராதம். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 காலத்தில் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து (லேன்) விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதிரியைக் கொன்றால் கேம் பணத்தில் 300 டாலர் வரும், டீம்மேட்டைக் கொன்றால் 3300 டாலர் போய்விடும். சர்வரில் அதற்கான செட்டிங் போட்டிருந்தால் அடுத்த ரவுண்ட் தொடங்கியதுமே ஆள் செத்து விழுவான், ரவுண்ட் முடியும்வரை வேடிக்கைதான். டஸ்ட் 2 என்ற மேப்பில் லாங் கதவு வழியாக எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வோம். பின்னால் வருபவன் ஏ.கே.வைப் பிடித்த பிடி விடாமல் அடிப்பான், முன்னால் போகிறவன் முதுகு சல்லடையாகும். "எவன்டா அவன்?" என்று மூன்றாவது நாற்காலியிலிருந்து சத்தம் வரும். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தச் சத்தமே பாதித் தண்டனை. முகம் தெரியாத ஆன்லைனில் அது கிடையாது, அதனால்தான் இவ்வளவு விதி தேவைப்படுகிறது.

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் செய்ததில் ஒரு பாதி பிரமாதம், மறு பாதி மோசம். டீம்மேட்டின் டாங்கியைச் சேதப்படுத்தினால் சுட்டவன் கணக்கிலிருந்து நஷ்டஈடு தானாகவே அடிபட்டவனுக்குப் போய்விடும். புகார், விசாரணை ஒன்றும் வேண்டாம். ஆனால் அடிக்கடி செய்பவன் பெயரை நீல நிறத்தில் காட்டினார்கள், அவனை யார் சுட்டாலும் அபராதம் கிடையாது. விளைவு, எதிரியை விட்டுவிட்டு நீலத்தைத் தேடி அலைய ஒரு கூட்டம் கிளம்பியது. கடைசியில் 2019-ல் 1.6 அப்டேட்டில் டீம் டேமேஜையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. டீம்மேட்டுக்கு அடிபடாது என்று தெரிந்தால் எவனும் கிரனேடை யோசித்து எறிய மாட்டான். வேலரன்ட் நடுவழியில் போகிறது: துப்பாக்கிக் குண்டு டீம்மேட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் ரேஸ், பிரிம்ஸ்டோன் என்ற கேரக்டர்களின் கிரனேடும் நெருப்பும் சுடும்.

(ஒரு இடைச்செருகல். அமெரிக்க ராணுவமே 2002-ல் வெளியிட்ட அமெரிக்காஸ் ஆர்மியில், பயிற்சியின்போது டிரில் சார்ஜென்ட்டைச் சுட்டால் நேராக ஃபோர்ட் லெவன்வொர்த் சிறை அறைதான். பின்னணியில் மவுத் ஆர்கன் வேறு. இவ்வளவு ரசனையான தண்டனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.)

சரி, தெரியாமல் சுட்டதா வேண்டுமென்று சுட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனசை யாரும் படிக்க முடியாது, ஆனால் கேமிடம் கணக்கு எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் எதிரி இருந்தானா? ரவுண்ட் தொடங்கிய இடத்திலேயே சுட்டானா? ஒரு குண்டு தவறிப் பட்டதா, மேகசின் முழுக்கத் தலையில் இறக்கினானா? நெருப்பை எறிந்த பிறகு டீம்மேட் தானாக உள்ளே நடந்தானா? இதை வைத்தே பெரும்பாலானதைப் பிரித்துவிடலாம். மீண்டும் மீண்டும் செய்பவனுக்கு கவுண்டர் ஸ்ட்ரைக்: கோ கேமில் இருந்த தடைப் படிகள் நியாயமானவை: 30 நிமிடம், 2 மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள். ஒழுங்காக விளையாடினால் படி இறங்கவும் வேண்டும், இல்லையென்றால் எப்போதோ செய்த தப்பு காலத்துக்கும் தலையில் நிற்கும்.

ஹெல்டைவர்ஸ் 2 மாதிரி நண்பர்கள் ஒரே டீமாகச் சேர்ந்து ஆடும் கேம்களுக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நண்பன் கூப்பிட்ட குண்டு நம் தலையிலேயே விழுவதுதான் அங்கே சிரிப்பு.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு வகை. நாலு நண்பர்கள் ஒரே பார்ட்டியாக வருவார்கள், ஐந்தாவது ஆள் தெரியாதவன். அவன் வழியில் வேண்டுமென்றே குறுக்கே போய் அடி வாங்கிக்கொண்டு, பிறகு நாலு பேருமே ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவார்கள். ஒரே பார்ட்டியில் வந்தவர்களின் ஓட்டு எத்தனை இருந்தாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். புகாருக்கும் அதே கணக்குதான்.