நீர்க்கட்டியும் ராகிக் களியும்

கேள்வி: எனக்கு வயது 27, உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ. திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் குழந்தை இல்லை. மாதவிலக்கு 50, 60 நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். எடை குறைய வேண்டுமென்று காலையில் டீயோடு நிறுத்திக்கொண்டு, மதியம் மட்டும் களி சாப்பிடுகிறேன். உடம்புச் சூடுதான் காரணம், களியை விட்டுவிடு என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, முதலில் பட்டினியை நிறுத்துங்கள்.

நீர்க்கட்டி எனப்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல. கருமுட்டையைத் தாங்கியபடி பாதி வளர்ச்சியில் நின்றுபோன சிறு பைகள். உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது, மிகையான அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுவதோடு, அவற்றைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுவதால், முட்டை முதிர்ந்து வெளியேறாமல் தங்கிவிடுகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. உடம்புச் சூட்டுக்கு இதில் பங்கில்லை.

எடையில் 5 முதல் 10 விழுக்காடு, அதாவது உங்களுக்கு மூன்றரை முதல் ஏழு கிலோ, மெல்லக் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறுவது சீராகிறது. ஆனால் ஒரேயடியாக வயிற்றைக் காயப்போட்டால், சினைப்பையை இயக்கும் சுரப்புகளை மூளையே குறைத்துக்கொள்ளும். மிகவும் மெலிந்த பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது இதனால்தான்.

களி நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இரண்டு பெரிய உருண்டைக்கு ஒரு கரண்டி புளிக்குழம்பு என்று நம் பக்கத்தில் உண்கிறோமே, குறை அங்கேதான் இருக்கிறது. உருண்டையைச் சிறிதாக்கி, கொள்ளுக் கடைசலோ மொச்சைக் குழம்போ கிண்ணம் நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். முட்டையும் கீரையும் சேருங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை உதவும், டீ தடுக்கும். ஆகையால் டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

பின்னாளில் மூளையும் தண்டுவடமுமாக வளரும் கருவின் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள், பெரும்பாலும் கர்ப்பம் தெரியவரும் முன்பே, மூடிவிடுகிறது. எனவே மருத்துவரிடம் கேட்டு, அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், இப்போதே தொடங்குங்கள்.

உணவு மட்டும் போதுமென்று காத்திருக்க வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் சென்று தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்), ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் குறித்துக் கேளுங்கள். கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவருடைய விந்துப் பரிசோதனையோ உங்கள் ஸ்கேனுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது.