பழைய ஃபைபர்கிளாஸ் வேகப்படகையும் அதன் இரண்டு அவுட்போர்டு இன்ஜின்களையும் சீரமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

17 அடி நீளமுள்ள பழைய ஃபைபர்கிளாஸ் வேகப்படகு ஒன்று, 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின்களோடு குறைந்த விலைக்கு வருகிறது என்றும், முதலில் இன்ஜின்களை ஓட வைத்துவிட்டுப் படகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின்கள் தொங்குகிற பின்பலகையை. பட்டறைகளில் அதை டிரான்சம் என்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதையே அந்தப் பலகைதான் முடிவு செய்ய வேண்டும்.

நான் தூத்துக்குடிக்காரன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கேரளக் காயலோர விடுதி ஒன்று கழித்துப்போட்ட, ஏறக்குறைய இதே அளவுள்ள படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். நான்கு மாதங்கள் இன்ஜின்களோடு மட்டுமே கழிந்தன. இரண்டும் தண்ணீர் டிரம்மில் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, ஜெல்கோட் என்கிற வெளிப்புறப் பூச்சைப் பூசுவதற்காகத் திரேஸ்புரத்தில் ஃபைபர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் படகின் பக்கவாட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் சென்று, சுத்தியலின் மரப்பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கெட்டியாகக் கேட்ட ஓசை, இன்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழே வந்ததும் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் அமுங்கிவிட்டது. "தம்பி, உள்ள மரம் போயிருச்சு. இதுல மாட்டி வேகமா ஓட்டுனீங்கன்னா இன்ஜின் கடலுக்குப் போயிரும், நீங்க மட்டும் நிப்பீங்க" என்றார்.

அதை உறுதிசெய்ய, படகின் உட்பக்கத்திலிருந்து, வெளித்தோலைத் தொட்டுவிடாத ஆழத்துக்கு, 6 மி.மீ. துளைகள் நான்கைந்து போட்டோம். நல்ல மரமாக இருந்தால் டிரில் பிட்டில் வெளிர்நிறச் சுருள்கள் வரும். எனக்கு வந்தது வடிகட்டியில் தங்கிய காப்பிச் சக்கையைப் போன்ற கறுத்த கூழ். இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தியதும் நீர் கசிந்தது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே, உரிமையாளரின் சம்மதத்தோடு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். துளைகளைப் பிறகு எபாக்ஸி என்கிற இருபகுதிப் பசையால் அடைத்துவிடலாம்.

ஃபைபர்கிளாஸ் மட்காது என்பது உண்மை. ஆனால் பழைய படகுகள் பெரும்பாலானவற்றில் பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்து மூடப்பட்ட பிளைவுட். இன்ஜின் போல்ட், அடித்தளத்தில் நீர் வடியும் துளை, யாரோ ஒருவர் இடையில் முடுக்கிய திருகு என்று முறையாக அடைக்கப்படாத ஒவ்வொரு துளையும் அந்த மரத்துக்கு நீர் போகும் வழி. உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாததால் மரம் ஆண்டுக்கணக்கில் ஊறுகிறது. 40 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று ஏறக்குறைய 70 கிலோ எடை இருக்கும். இரண்டின் எடையும், அலையில் படகு எகிறி விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும், போல்ட்டுகளுக்கு வெகு கீழே இருந்து விசிறி தள்ளுகிற விசையும் சேர்ந்து அந்தப் பலகையை ஓயாமல் வளைத்துக்கொண்டே இருக்கும்.

மரத்தை மாற்றும் வேலையை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். வெளித்தோலை அப்படியே விட்டு, உட்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டியெடுத்து, மட்கிய மரம் முழுவதையும் உளியால் சுரண்டி எடுத்தோம். பிறகு ஒன்றரை மாதம் படகை வெயிலில் காயவிட்டோம். உப்பளத்துக்கு உதவுகிற அதே வறண்ட வெயில் இந்த வேலைக்கும் உதவியது. ஈரத்தின் மேல் ரெசின், அதாவது ஃபைபர் இழைகளை இறுக்கிப் பிடிக்கும் பிசின், ஒட்டாது என்பதால் இந்த இடத்தில் நாட்களை மிச்சப்படுத்த முயல வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டினால் 38 மி.மீ. கிடைக்கும். ஆனால் உங்கள் படகில் முன்பு எவ்வளவு தடிமன் இருந்தது என்பதை வெட்டுவதற்கு முன்பே அளந்து, அதற்கு ஈடாக வையுங்கள். பலகையின் விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் எபாக்ஸி குடிக்கவிட்டு, பசைபோல் கெட்டியாக்கிய எபாக்ஸியைத் தாராளமாகத் தடவி, வெளித்தோலின் உட்பக்கத்தில் பதித்து, விளிம்பு முழுவதும் பிதுங்கி வரும் வரை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் போடும் புதிய உட்தோல் பழைய ஃபைபரோடு சேரும் இடத்தை 40 எண் எமரியால் தேய்த்து, 1 மி.மீ. தடிமனுக்கு 12 மி.மீ. அகலம் என்ற கணக்கில் சரிவாக்குங்கள். பழைய தோலுடன் புதிய அடுக்கு வேதியியல் ரீதியாக ஒன்றுவதில்லை. தேய்த்த சொரசொரப்பில் பற்றிக்கொள்வதுதான் அதன் பலம்.

கடையில் "மேட்" என்று கேட்டால் தருகிற நறுக்கிய இழைப் பாய் பாலியஸ்டர் ரெசினுக்காக உண்டானது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் அந்தப் பாய் சரியாக நனையாது. எபாக்ஸியோடு நெய்த துணியை அல்லது தைத்த துணியைப் பயன்படுத்துங்கள். எபாக்ஸி இட்ட இடத்தின் மேல் சாதாரண ஜெல்கோட் நன்றாகப் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே எண்ணி, அந்தப் பகுதிக்குப் பெயிண்ட் என்று முடிவு செய்துவிடுங்கள்.

வெளித்தோலின் சிறு காயங்களுக்குப் பாலியஸ்டரே போதும். அதில் ஓர் ஆபத்து இருப்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நம் ஊரில் ரெசின், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் மூன்றையும் தனித்தனியாகத் தருவது வழக்கம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

படகு மூழ்காமலிருக்கத் தரைக்கு அடியில் நிரப்பிய ஃபோமையும் ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். அது பஞ்சாய் நீரைக் குடித்திருந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும். என் படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றியபோது, ஃபோமை எடுப்பதற்கு முன்னும் பின்னும் 110 கிலோ வேறுபாடு இருந்தது. ஏறக்குறைய அத்தனையும் நீர்.

இப்போது இன்ஜின்களுக்கு வருவோம். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும் முன் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, ஓர் இரவு வைத்திருந்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அது சுலபமாகச் சுற்றினால், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் மானியைப் பொருத்திப் பாருங்கள். காட்டுகிற எண்ணைவிட, ஒரே இன்ஜினின் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். என் இன்ஜின்களில் ஒன்று 112, 108 என்று காட்டியது. மற்றது 110, 74 என்று காட்டியது. திறந்து பார்த்தால் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. கேரளக் கரையிலும் நம் கரையிலும் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே வந்த இன்ஜின்கள் நிறைய உண்டு. அவற்றின் கம்ப்ரெஷன் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே உங்கள் இன்ஜின் எந்த வகை என்பதை மாடல் எண்ணைக் கொண்டு தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். அது பால் கலந்த தேநீர்போல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விசிறியைக் கழற்றினால் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும்: தூண்டில் நரம்பு தண்டில் இறுகச் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். அந்த ஆயில் சீலை மாற்றும்போதே தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும், அதாவது நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தையும், மாற்றிவிடுங்கள். பழைய இம்பெல்லரின் இதழ் ஏதாவது உடைந்திருந்தால், அந்தத் துண்டு கிடைக்கும்வரை குழாய்களில் தேட வேண்டும். அது மேலே எங்காவது அடைத்துக்கொண்டால் புதிய பம்ப் இருந்தும் இன்ஜின் சூடாகும்.

எரிபொருள் குழாய்கள் பழையவை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போது நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பரை அது இளக்கிவிடுகிறது. நீரை ஈர்த்துக்கொண்டு, அளவு மிஞ்சினால் தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கிறது. ஓட்டாமல் வைக்கும் நாட்களில் கார்புரேட்டரை வடித்துக் காலியாக வைப்பதே நல்லது. எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. அதற்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஆகாது. நீரால் குளிரும் இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 வகையே வேண்டும்.

இன்ஜின்களைத் திரும்ப மாட்டும்போது போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது போல்ட்டுக்கும் மரத்துக்கும் இடையே எபாக்ஸிச் சுவர் இருக்கும். சீலண்ட் தளர்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. முதலில் இன்ஜின் மாட்டியவர்கள் இதைச் செய்திருந்தால் என் படகின் பலகை மட்கியிருக்காது.

முதல் ஓட்டத்தை அரைமணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, இரு இன்ஜின்களிலிருந்தும் குளிர்நீர் ஒரே வேகத்தில் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓட்டிக் கழுவிவிட்டு, பின்பலகையின் உட்பக்கத்தை ஒவ்வொரு போல்ட்டாகக் கைவிரலால் தடவிப் பாருங்கள். ஈரம் எந்தப் போல்ட்டில் தட்டுப்பட்டாலும் அதை அன்றைக்கே கழற்றி அடைத்துவிடுங்கள்.