பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டால் போதுமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினேன். முன்பக்கம் ‘சுத்தமான செக்கு நல்லெண்ணெய்’ என்று பெரிதாக, எள்ளுச் செடி படத்தோடு இருந்தது. இட்லிப் பொடிக்கு ஊற்றினால் எள் வாசனையே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன்: ‘பாமாயில் 80%, நல்லெண்ணெய் 20%’. கடைக்காரர், “அதான் எழுதியிருக்காங்களே, சட்டப்படி சரிதான்” என்கிறார். சரிதானா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: சரியில்லை. உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது.

பாமாயில் கலப்பது குற்றமில்லை. இரண்டு சமையல் எண்ணெய்களைக் கலந்து விற்கச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சில்லறையாக அளந்து ஊற்றக் கூடாது. ஆனால் அது கலப்பு எண்ணெய் என்பதையும், எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதையும் முன்பக்கத்திலேயே, பிராண்டு பெயருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும்படி போட வேண்டும். முன்பு ‘பிளெண்டட்’ என்று இருக்கும். இப்போது ‘மல்ட்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்’ என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான். முன்னால் நல்லெண்ணெய், பின்னால் பாமாயில் என்பது ஏமாற்று.

‘சுத்தமான’ என்ற சொல்லையும் இஷ்டத்துக்குப் போட முடியாது. 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைப்படி, ஒரே பொருளால் ஆன, வேறு எதுவும் சேர்க்காத உணவுக்குத்தான் அது பொருந்தும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன் கண்ணில் உங்கள் பாட்டில் ‘மிஸ்பிராண்டட்’, அதாவது தவறான லேபிள் ஒட்டிய உணவு. 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம், லேபிளே சாட்சி என்பதுதான். அதனால் பாட்டிலைக் கழுவிப் பருப்பு போட்டு வைத்துவிடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண், எல்லாவற்றையும் படமெடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 94440 42322 என்ற தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். அந்தத் துறைக்கு மாவட்ட அளவில் பொறுப்பான, மதுரை மாவட்ட நியமன அலுவலரிடம் எழுதியும் கொடுக்கலாம். நீங்கள் திறந்த பாட்டிலை அவர்கள் மாதிரியாக எடுக்க மாட்டார்கள். கடைக்கு அலுவலர் போய்த் தானே மாதிரி எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுவார். அவர் சரியான சரக்கைத் தேடிப் பிடிக்க உங்கள் பேட்ச் எண்தான் வழி.

லேபிளில் நல்லெண்ணெய் மட்டும் இருந்து, உள்ளே கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் வேலை கொஞ்சம் கூடுதல். ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது உங்கள் மனத் திருப்திக்குத்தான், வழக்குக்கு உதவாது. ஆய்வகத்தில் அயோடின் மதிப்பைப் பார்ப்பார்கள்; அது எண்ணெய்க்கு எண்ணெய் மாறுபடும் ஓர் அளவு. நல்லெண்ணெய்க்கு அது நூற்றுக்கு மேல், பாமாயிலுக்கு அறுபதை ஒட்டி. தாராளமாகக் கலந்திருந்தால் எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தச் சோதனையை நீங்களே கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. 40-ஆவது பிரிவு வாங்குபவருக்கே அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்ட வேண்டும்; பொருள் விதிக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையிலேயே இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அப்போது புதிதாக ஒரு பாட்டில், சீல் பிரிக்காமல், சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், விலை மலிவாக இருக்கிறதே என்று எடுக்கும் பாட்டில்களில் சில விளக்கு எண்ணெயாக இருக்கும். படம், நிறம் எல்லாம் நல்லெண்ணெய் மாதிரியேதான். உண்ணத் தகாத பொருளுக்குக் கறுப்புக் கோட்டுச் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது விதி. பெயரைப் படிப்பதற்கு முன்னால் அந்தக் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் அது சமையலுக்கு வேண்டாம்.